செஞ்சிக்குப் பெருமை குதிரையாலா, மதிலாலா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "செஞ்சிக் கோட்டையின் பெருமைக்குப் பெரிதும் காரணம் வரலாறா, தேசிங்குராஜன் கதையா?" என்பது தலைப்பு. வரலாறே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் தேசிங்கின் கதையோடு தில்லி வரைக்கும் போய், பாதுஷா கண்ணெதிரே குதிரையை அடக்கி, அதே குதிரையோடு செஞ்சிக்குத் திரும்பி, மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்தார். அருமையாகத்தான் சொன்னார். ஆனால் அவ்வளவு நேரத்தில் ஒரு மதில், ஓர் அகழி, ஒரு வாசல் வரவில்லையே! கோட்டையைப் பற்றிய பட்டிமன்றத்தில் கோட்டையையே காணோம்.

தேசிங்கு செஞ்சியை ஆண்டது ஏறத்தாழப் பத்து மாதம். அதற்கு முன்பே கோன்கள், நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான், 1677-இல் சிவாஜி என்று எத்தனை கை மாறிய கோட்டை இது! மாறிய ஒவ்வொரு கையும் மதிலில் வேலை செய்திருக்கிறது.

அந்த வேலையின் பலனைப் பார்க்க 1690-க்கு வாருங்கள். சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் வெளியே. கோட்டை விழுந்தது 1698-இல். ஏன் இத்தனை ஆண்டு? மலை ஒன்றில்லை ஐயா, மூன்று! ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம். மூன்றையும் கோத்துச் செல்லும் மதில் 12 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு நீளத்தையும் ஒரே நேரத்தில் அடைத்து நிற்க சுல்பிகர்கானிடம் ஆளில்லை. ஒரு வாசலுக்கு நேரே பீரங்கியை நிறுத்தினால் இன்னொரு வாசல் வழியே தானியம் உள்ளே போய்விடும். போதாததற்கு, மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வெளியிலிருந்து முகலாயர்களின் வழியை மறித்தார்கள். 1693 தொடக்கத்தில், முற்றுகை போட வந்தவனே சோற்றுக்குத் திண்டாடி வந்தவாசிக்குப் பின்வாங்கினான்!

சரி, மதிலைத் தாண்டிவிட்டான் என்றே வையுங்கள். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். வாசலுக்கு மேல் வாசல். மூச்சு வாங்க உச்சியை நெருங்கினால், பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. ஏறக்குறைய 24 அடி அகலம், 60 அடி ஆழம். குறுக்கே ஒரு மரப்பாலம். பலகையை எடுத்துவிட்டால் அக்கரையில் பத்துப் பேர் போதும், ஒரு படையை நிறுத்தி வைக்கலாம். பாதையோ குறுகல், கீழே நிற்கும் ஆயிரம் பேரில் முன்னால் வர முடிவது நாலு பேர்தான்.

அடுத்தது தண்ணீர். வறண்ட பாறை மலையில் எத்தனை பேரை எவ்வளவு நாள் வைத்திருக்க முடியும்? அடிவாரத்தில் செட்டிகுளம், சக்கரகுளம். மேலே சுனை. கல்யாண மகாலுக்குப் போனால் சுவரை உற்றுப் பாருங்கள்: மேல்மாடிக்கே தண்ணீர் கொண்டுபோன சுட்டமண் குழாயின் தடம் இருக்கிறது. பக்கத்திலேயே நெற்களஞ்சியம். முற்றுகையில் கத்தியைவிட இவைதான் அதிகம் போராடின.

இப்போது தேசிங்குக்கு வருகிறேன். ஓடிவிட மாட்டேன். 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதுல்லாகான் பாக்கிக் கப்பம் கேட்டான். தேசிங்கு மறுத்தான். முகலாயப் பெரும்படையையே ஆண்டுக்கணக்கில் காக்க வைத்த கோட்டை கையில் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவன் என்ன செய்தான்? சில நூறு குதிரைக்காரர்களோடு வெள்ளம் ஓடிய ஆற்றைக் கடந்து, பல மடங்கு பெரிய படையை வெட்டவெளியில் போய்ச் சந்தித்தான். வீரம்தான், மறுக்கவில்லை. அவனோடு நின்ற நண்பன் முகமதுகானின் நட்பு கண்ணீர் வரவழைப்பதுதான், அதையும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதையில் செஞ்சிக் கோட்டைக்கு என்ன வேலை? நாயகன் அதை விட்டு வெளியே வந்ததால்தானே கதையே நடக்கிறது!

"அவ்வளவு பலமான கோட்டை 1750-இல் ஒரே இரவில் பிரெஞ்சுக்காரனிடம் போனதே?" என்று எதிரணி கேட்கும். கேட்கட்டும். வெளியே பிரெஞ்சுக்காரரிடம் தோற்று ஓடிவந்த, ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட முகமது அலியின் படை கலைந்து கிடந்த நேரம் அது. பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி வெடிவைத்து வாசலைத் தகர்த்து உள்ளே நுழைந்தான். காவலுக்கு மனம் விட்டுப்போன கோட்டையைக் கல் என்ன செய்யும்?

கடைசியாக ஒன்று. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம் பிடித்தது செஞ்சி மட்டும். மலையையும் மதிலையும் பொருத்திய போர்க்கட்டுமானத்துக்காகக் கிடைத்த இடம் அது. தேசிங்கின் குதிரையைச் சொல்லி வாங்கியதில்லை, நடுவர் அவர்களே!