ஆற்றில் போட்டாலும்…

சமூக மன்றத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் அடித்தளத் தலைவர்களே, வேலை முடிந்து தேக்கா வழியாக ரயில் மாறி வந்திருக்கும் பெரியோரே, தாய்மாரே, வணக்கம். வரவேற்புரை ஆற்றிய அம்மையார் என்னைச் சட்ட வல்லுநர் என்றார். நான் ஓய்வுபெற்ற கணக்கன், அவ்வளவுதான்.

அரசு நிறுவனங்களுக்கான சட்டத்தில் மூன்று செய்திகளைப் பேச வந்தேன்: இயக்குநர் நியமனம், தணிக்கை, நாடாளுமன்றக் கண்காணிப்பு. மளிகைக் கடையில் கணக்கெழுதிய என் தந்தை, "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார். அரசுப் பணமோ பல நாடுகளில் அளக்காமல் ஆற்றில் போகிறது.

நம் சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக் 1974இல் 35 நிறுவனங்களோடு தொடங்கியது. அதுவும் கம்பெனிச் சட்டத்திற்கு உட்பட்டதே. அதன் இயக்குநரை நியமிக்கவோ நீக்கவோ இன்று அதிபரின் இசைவு வேண்டும்.

இன்னொரு 35 கதை கேளுங்கள். 2007 டிசம்பர், லண்டனிலிருந்து கொழும்புக்குப் புறப்படும் விமானம். ஸ்ரீலங்கன் விமான நிறுவனத்தில் பெரும்பங்கு இலங்கை அரசுடையது. நிர்வாகம் மட்டும் அப்போது துபாயின் எமிரேட்ஸ் விமான நிறுவனத்தின் கையில். இலங்கை அதிபரின் பரிவாரத்துக்கு 35 இருக்கை வேண்டும் என்றார்கள். விமானமோ நிறைந்திருந்தது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களை இறக்கிவிட வேண்டுமாம்! கைப்பிள்ளையோடு எத்தனை தாய்மார் இருந்தார்களோ, ஊரில் எத்தனை பேர் வழிபார்த்துக் காத்திருந்தார்களோ. நிறுவனம் மறுத்தது. சில நாளில் தலைமை நிர்வாகியின் பணி விசா ரத்தானது. 2008 மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்து, எமிரேட்ஸ் நிர்வாகத்தை விட்டு விலகியது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடவேண்டாமா?

அந்த நாட்டில் சட்டம் இல்லாமலா? அதே 2007இல்தான் புதிய கம்பனிகள் சட்டம் வந்தது. இயக்குநர் நிறுவனத்தின் நலனுக்காக நல்லெண்ணத்தோடு நடக்கவேண்டும் என்று அது சொல்கிறது. நியமிப்பவரும் நீக்குபவரும் ஆட்சியாளர் என்றால் அந்த வரி ஏட்டுச் சுரைக்காய்.

இங்கே என் பழைய புலம்பலுக்கு வருகிறேன், பொறுத்தருளுங்கள். நாம் இயக்குநர் என்பவரைக் கொழும்பில் பணிப்பாளர் என்கிறார்கள். பணிக்கிறவரா, பணிகிறவரா? சட்டம் முதலாமவரைக் கேட்கிறது, நாற்காலியில் இரண்டாமவர் உட்கார்ந்திருக்கிறார். அங்கேயும் இங்கேயும் தமிழ் ஆட்சிமொழி. ஆனால் ஒரே பதவிக்கு இரண்டு சொல். பங்குதாரருக்கே புரியாத தமிழில் ஆண்டறிக்கை வந்தால் எவர் கேள்வி கேட்பார்? கம்பெனிச் சட்டத்துக்குப் பொதுவான சொற்பட்டியல் வேண்டும் என்று பல மேடைகளில் தொண்டை வற்றக் கத்திவிட்டேன்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். தணிக்கையும் நாடாளுமன்றமும் இன்னொரு நாளைக்கு. வெளியே வடைத்தட்டுக்குப் பக்கத்தில் நீல அட்டை நோட்டு ஒன்று இருக்கிறது, சொற்பட்டியல் மனுவுக்காக. கையெழுத்தோடு, உங்கள் அலுவலகத்தில் தமிழ் கிடைக்காமல் தவிக்கும் ஒரு சொல்லையும் எழுதிவிட்டுப் போங்கள். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எழுதுங்கள்.