அலமாரியில் கிடந்த ஜோன்

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த நகர்மன்றத் தலைவர் அவர்களே, பொன்னாடையோடு காத்திருக்கும் வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, இடமில்லாமல் வாசலில் நிற்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

டென்மார்க்கின் கார்ல் தியோடர் டிரையர் பிரான்சில் எடுத்து 1928-இல் வெளிவந்த மௌனப்படம், 'ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்'. படை நடத்திய பிரெஞ்சுப் பெண் ஜோனை மதத் துரோகி என்று விசாரித்து, தீயில் எரித்த கதை அது. அதைப் பற்றி மூன்று செய்திகள் சொல்கிறேன்: முகம், அரங்கம், இசை.

முதலில் முகம். அதுவரை புழங்கிய ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. உதடு கறுத்துவிடும், தோல் திட்டுத் திட்டாக விழும். அதை மறைக்கத்தான் அப்பிய ஒப்பனை. ஒளிப்பதிவாளர் ருடால்ஃப் மாட்டே எல்லா நிறத்தையும் வாங்கும் பான்குரோமேட்டிக் ஃபிலிமைப் போட்டார், ஒப்பனை போயிற்று. நீதிபதிகளின் மரு, ஜோனாக நடித்த ஃபால்கோனெட்டியின் வெடித்த உதடு எல்லாம் தெரிகிறது. ஓரிடத்தில் அவர் முகத்தில் ஈ உட்காருகிறது; அதையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். தரையில் குழி வெட்டிக் கேமராவை உள்ளே இறக்கியதால், நீதிபதிகள் நம் தலைமேல் கவிகிறார்கள்.

அரங்கம்: ஹெர்மன் வார்மும் ஜான் ஹியூகோவும் ஒரு கோட்டையையே கட்டினார்கள். வெள்ளை வானத்துக்கு முன் சாம்பல் நிறமாகத் தெரிய, சுவருக்கு இளஞ்சிவப்பு பூசினார்கள். படத்தில் அது துண்டு துண்டாகத்தான் வருகிறது. பணம் போட்டவர்களுக்கு வயிறு எரிந்திருக்கும்!

எரிந்தது வயிறு மட்டுமல்ல. 1928 டிசம்பரில் பெர்லினில் மூல நெகட்டிவே எரிந்துபோனது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள்; டிரையர் அதைத்தான் செய்தார். படப்பிடிப்பில் எடுத்து, படத்தில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்த டேக்குகளைப் பொறுக்கி, படத்தை மறுபடி தொகுத்தார். 1929-இல் அதுவும் தீக்கிரை. அப்புறம் உலகம் பார்த்ததெல்லாம் ஒட்டுப்போட்ட பிரதிகள். 1968-இல் டிரையரும் போய்விட்டார். 1981-இல் நார்வேயில், ஆஸ்லோவை அடுத்த டிகமார்க் மனநல மருத்துவமனையில் ஓர் அலமாரியை ஒழிக்கிறார்கள். உள்ளே ஃபிலிம் டப்பாக்கள்! திரைப்படக் கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கேயும் கொஞ்ச காலம் யாரும் தொடவில்லை. கடைசியில் திறந்தால், டேனிஷ் தலைப்பு அட்டைகளோடு முதல் தொகுப்பு, முழுசாக! மருத்துவமனைக்கு அது எப்படி வந்தது என்பதற்குச் சரியான பதிவே கிடையாது. (கைதட்டல்)

நமக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை ஐயா. தென்னிந்தியாவின் முதல் மௌனப்படம், நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' எங்கே? தமிழின் முதல் பேசும்படம், 1931-இன் 'காளிதாஸ்' எங்கே? கண் கெட்ட பிறகுதான் நமக்குச் சூரிய நமஸ்காரம். அந்தக் காலத்துப் படங்களெல்லாம் நைட்ரேட் ஃபிலிம்; அது எரியும்போது தானே ஆக்சிஜனை விடும். தண்ணீரில் அமுக்கினாலும் அணையாது. மக்கிப்போன சுருள் நாற்பது டிகிரியை ஒட்டிய வெப்பத்தில், நாள் கணக்கில் கிடந்தால், தானே பற்றலாம். நம் ஊர் மே மாதம் உங்களுக்குத் தெரியும். பின்னால் வந்த அசிட்டேட் ஃபிலிம் எளிதில் பற்றாது, ஆனால் புளிக்கும். டப்பாவைத் திறந்தால் வினிகர் நெடி அடிக்கும். அதைத் தனியாக வைக்காவிட்டால் பக்கத்துச் சுருளும் கெடும்.

ஆகவே அரசுக்கு நம் கோரிக்கை: ஈரப்பதம் 30 விழுக்காட்டை ஒட்டி, 4 டிகிரிக்குக் கீழே இருக்கும் குளிர் அறையோடு ஒரு காப்பகம். நைட்ரேட்டுக்குத் தனிக் கட்டடம். குளிரிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறந்தால் ஃபிலிமில் நீர் கோக்கும்; அதனால் டப்பாவின் குளிர் மெல்ல விடும்வரை வைக்க ஓர் இடை அறையும் வேண்டும்.

இசையைப் பற்றிச் சொல்லவில்லை. தலைவர் மணியில் கைவைத்துவிட்டார். கையெழுத்துத் தாள் வாசலில் இருக்கிறது. பழைய கொட்டகைக்காரர்கள் யாராவது வந்திருந்தால், ஆபரேட்டர் அறைப் பரணில் டப்பா கிடக்கிறதா என்று பாருங்கள். பிசுபிசுப்போ பழுப்புத் தூளோ தெரிந்தால் பிரிக்காதீர்கள், பக்கத்தில் பீடி பற்றவைக்காதீர்கள், எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். நன்றி, வணக்கம்.