எலி நடத்திய சரித்திர வகுப்பு

(லண்டனில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவில் பேசியது. அங்கங்கே திருத்தி எழுதியிருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, அதிபர் அம்மா அவர்களே, கழுத்தில் பொன் சங்கிலியோடு முன்வரிசையில் இருக்கும் எங்கள் நகராட்சி மேயர் அவர்களே, நிர்வாக சபையினரே, பொருளாளர் ஐயா அவர்களே (இவரைத் தனியாகச் சொல்லாவிட்டால் அடுத்த வருடம் எனக்கு மேடை கிடைக்காது), விடியப்புறம் எழும்பி வடை சுட்டுக்கொண்டு வந்திருக்கும் அன்னையரே, பெற்றோரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். மேயர் அம்மாவுக்குக் காதுக்குள் மொழிபெயர்க்கும் தங்கச்சிக்குத் தனி வணக்கம். பகிடி வரும் இடங்களில் மட்டும் கொஞ்சம் விரைவாகச் சொல்லிவிடுங்கள், பிள்ளை. சபை சிரித்து ஓய்ந்த பிறகு அவர் தனியாகச் சிரிக்கக் கூடாது.

மூன்று விஷயம் சொல்ல வந்தேன். பகிடியால் சரித்திரம் படிப்பிக்க முடியுமா என்பது ஒன்று. பாட்டு ஏன் மனதில் நிற்கிறது என்பது இரண்டாவது. சோதனைத்தாள் இல்லாமல் பிள்ளை படித்ததை எப்படி அளப்பது என்பது மூன்றாவது. எங்கள் ஆச்சி ஒரு பழமொழி சொல்லுவா: "பாடப் பாட ராகம், மூட மூட ரோகம்." அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

2009 ஏப்ரலில் பிபிசியின் பிள்ளைகள் அலைவரிசையில் 'ஹொரிபிள் ஹிஸ்டரீஸ்' என்ற சரித்திரப் பகிடித் தொடர் தொடங்கியது. அதற்கு முன்பே, 1993 முதல், அதே பெயரில் புத்தகங்கள் வந்துகொண்டிருந்தன. எழுதியவர் டெரி டீரி, படம் கீறியவர் மார்ட்டின் பிரவுண். டீரிக்குப் பள்ளிக்கூடம் என்றாலே பிடிக்காது, அதை அவர் வெளிப்படையாகவே சொல்லுவார். அதிபர் அம்மா மன்னிக்க வேண்டும். தொலைக்காட்சியில் அந்தத் தொடரை நடத்தித் தருவது ஒரு பொம்மை எலி. எலிகள் பரப்பியதாகச் சொல்லும் கறுப்புச் சாவு என்ற கொள்ளைநோய் ஐரோப்பாவைத் தின்ற கதை தெரிந்தவர்களுக்கு அந்த எலியின் குறும்பு விளங்கும்.

ரோமர்கள் உடுப்பு வெளுக்கச் சிறுநீர் பாவித்தார்கள். வெஸ்பாசியன் என்ற பேரரசன் அந்தச் சிறுநீருக்கே வரி போட்டான். இதை ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒருமுறை சொல்லிப் பாருங்கள், எழுபது வயதிலும் மறக்காது. ஆனால் கேட்ட பிள்ளை, "சும்மா சொல்லுகிறார்கள்" என்றும் நினைக்கலாம் அல்லவா? அதற்குத்தான் நடுவில் அந்த எலி தலையை நீட்டி, இது உண்மையாகவே நடந்தது என்று அட்டையைத் தூக்கிக் காட்டும். எனக்குப் பாட்டுகளைவிட அந்த அட்டையைத்தான் பிடிக்கும். எது நடந்தது, எது நடிப்பு என்று அந்த இடத்திலேயே பிரித்துக் காட்டிவிடுகிறது. பின்னால் கிரெக் ஜென்னர் என்ற வரலாற்றாளர் ஒருவர் இருந்து ஒவ்வொரு காட்சியையும் சரிபார்த்தார். 2010 இல் பிரிட்டிஷ் நகைச்சுவை விருதுகளில், பெரியவர்களுக்கான நிகழ்ச்சிகளையும் வென்று, சிறந்த குறுநாடக நிகழ்ச்சிக்கான பரிசை இது வாங்கியது.

சரி, இப்போது என் கதை. இதைக் கேட்டிருப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1958. யாழ்ப்பாணம். எனக்குப் பதினொரு வயது. வில்லியம் தொடக்கம் இங்கிலாந்து அரசர்களை வரிசையாக ஒப்புவிக்க வேண்டும். ஏன் என்று நாங்களும் கேட்கவில்லை, வாத்தியாரும் சொல்லவில்லை. வில்லியம், இன்னொரு வில்லியம், ஹென்றி, ஸ்டீபன் என்று வழுக்கிக்கொண்டு போய் இரண்டாம் ரிச்சர்டில் வந்து நின்றேன். "பிறகு?" என்றார் வாத்தியார். இரண்டுக்குப் பிறகு மூன்றுதானே? "மூன்றாம் ரிச்சர்ட்" என்றேன். கணக்கு வகுப்பில் அது சரியான விடை. சரித்திரத்தில் நான்காம் ஹென்றி வந்துவிட்டார். பிரம்பும் வந்தது. நான்காம் ஹென்றி தன் ஒன்றுவிட்ட சகோதரன் ரிச்சர்டைக் கவிழ்த்துவிட்டு முடியைப் பறித்தார் என்ற கதையை அன்று ஒரு வரி சொல்லியிருந்தால் நான் மறந்தே இருக்க மாட்டேன். எங்கள் ஊரில் காணிச் சண்டை பார்த்து வளர்ந்தவனுக்கு இதெல்லாம் விளங்காதா?

இனி 2012 க்கு வாருங்கள். ஒக்டோபர் அரைத்தவணை விடுமுறை. ஒன்பது வயதுப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு லண்டன் கோபுரத்துக்குப் போகிறேன். மனைவி பாணுக்குள் சம்பல் வைத்துக் கட்டித் தந்திருந்தாள். வரிசையிலேயே பொதி பிரிந்து, வாசம் கிளம்பி, முன்னால் நின்ற குடும்பம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கம். பேத்தி கவலைப்படவில்லை, முன்னால் நின்ற பையனுக்கும் ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்துவிட்டாள். அவன் வாங்கிக் கடித்தான், கண் கலங்கினான், ஆனால் விடவில்லை.

அங்கே அரச முடிகள் இருக்கும் இடத்தில் நின்று பார்க்க முடியாது, நகரும் பாதை உங்களைக் கொண்டுபோய்விடும். அதில் ஏறியதும் பேத்தி பாடத் தொடங்கினாள். அந்த நிகழ்ச்சியில் எல்லா அரசர்களையும் ஒரே மூச்சில் அடுக்குகிற பாட்டு ஒன்று உண்டு, அதுதான். "சத்தம் போடாதையம்மா" என்றேன். அதற்குள் சம்பல் தின்ற பையன் சேர்ந்துகொண்டான். பின்னால் ஒரு சீக்கியப் பெடியன், அவனுக்குப் பின்னால் வேறு இரண்டு பிள்ளைகள். ஆளை ஆள் தெரியாது, பாட்டு எல்லோருக்கும் தெரியும்! எனக்கும் ரோசம் வந்தது. 1958 இல் அடி வாங்கிப் படித்தவன் அல்லவா, நானும் கூடப் பாடினேன். ஸ்டீபன், ஹென்றி, ரிச்சர்ட், ஜோன் என்று சரியாகத்தான் போனது. இரண்டாம் ரிச்சர்ட் வந்தது. வாய் தானாக "மூன்றாம்" என்றது. பிள்ளைகள் நான்காம் ஹென்றியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நகரும் பாதை முடிந்தது, நான் தடுக்கி விழப் பார்த்தேன். பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்லை தாத்தா, பாட்டில் கேட்டால் வரும்" என்றாள்.

அதோடு விட்டாளா? ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் சின்ன வெள்ளிக் கரண்டி. பொன்முலாம் பூசியது, பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சாமான். "இதுதான் தாத்தா தப்பியது" என்றாள். 1649 இல் முதலாம் சார்ல்ஸின் தலையை வெட்டியபின் அரச நகைகளை உருக்கியும் விற்றும் தீர்த்தார்கள். கரண்டியை வாங்கிக்கொண்டு போனவர், இரண்டாம் சார்ல்ஸ் திரும்பி வந்ததும் அதைத் திருப்பிக் கொடுத்தார். முடிசூட்டு விழாவுக்கான முடி 1661 இல் புதிதாகச் செய்தது. முதலாம் சார்ல்ஸை வெட்டிய தரப்பின் தலைவர் குரொம்வெல்லின் பிணத்தைத் தோண்டி எடுத்துத் தூக்கில் போட்டதும் அதே வருடம்தான். இதை அவள் மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்துச் சொன்னாள். சம்பல் பாண் எனக்கு இறங்கவில்லை.

இரண்டாம் சார்ல்ஸை அந்த நிகழ்ச்சியில் நகை பூட்டிய ராப் பாடகனாகக் காட்டுவார்கள். மேயர் அம்மா, சங்கிலியைப் பார்த்துச் சொல்லவில்லை. (மேயர் சிரித்தார். தங்கச்சி நேரத்துக்குச் சொல்லிவிட்டாள்.)

பாடப் பாட ராகம். சரி, மூடினால்? டிக் டர்ப்பின் என்ற வழிப்பறிக்காரனைக் குதிரை ஏறிய கனவான் என்று இந்த நாடு நூறு கதை கட்டி வைத்திருக்கிறது. அந்த நிகழ்ச்சியின் பாட்டோ அவன் எப்படிப்பட்ட முரடன் என்று அவன் வாயாலேயே சொல்ல வைக்கிறது. அவன் எசெக்ஸில் வீடு புகுந்து அடித்த கும்பலில் ஒருவன். யோர்க் சிறையில் வேறு பெயரில் இருந்துகொண்டு மைத்துனனுக்குக் கடிதம் போட்டான். வாங்குபவர் கட்ட வேண்டிய தபால் காசை மைத்துனன் கட்ட மறுத்துவிட்டான். கடிதம் தபால் நிலையத்தில் கிடந்தபோது, சின்ன வயதில் டர்ப்பினுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிட்டார். 1739 இல் தூக்கு. வாத்தியாருக்கு இருநூறு பவுண் சன்மானம். எங்கள் ஆசிரியர்களுக்கு இந்தப் பள்ளியில் அவ்வளவு கொடுப்பதில்லை, பொருளாளர் ஐயா.

பகிடியும் பிழைக்கும், அதை மறைக்கத் தேவையில்லை. பேர்பெற்ற தாதி புளோரன்ஸ் நைட்டிங்கேல், ஜமேக்காவிலிருந்து வந்த மேரி சீகோலைத் தோல் நிறத்துக்காக ஒதுக்கினார் என்று ஒரு காட்சி காட்டியது. அதற்கு ஆதாரம் இல்லை என்று முறைப்பாடு போனது. 2014 இல் பிபிசியை மேற்பார்வை செய்த பிபிசி அறக்கட்டளை அந்தக் காட்சி பிழை என்று தீர்ப்புச் சொன்னது. பிழையை மூடி வைத்திருந்தால் ரோகம். திறந்து சொன்னதால் அதுவும் பிள்ளைகளுக்கு ஒரு பாடமாகிவிட்டது.

பாட்டால் படிப்பிக்கும் இந்த வேலை அமெரிக்காவில் 1973 இலேயே நடந்தது. வாய்ப்பாடு மனதில் நிற்காத மகனுக்கு ரொக் பாட்டு வரிகள் மட்டும் நிற்கின்றனவே என்று ஒரு விளம்பரக்காரர் யோசித்ததில் பிறந்தது 'ஸ்கூல்ஹவுஸ் ரொக்' என்ற தொலைக்காட்சிப் பாட்டுத் தொடர். அரசியலமைப்பின் முகவுரையையே பாட்டாக்கினார்கள், மெட்டுக்காகத் தொடக்க வரியில் நாட்டின் பெயரை விட்டுவிட்டு! அதைப் பற்றி நிறையச் சொல்லலாம். தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார்.

ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் எட்டு வயதுப் பிள்ளைக்கு வரலாற்றுச் சோதனைத்தாள் கொடுக்கிறோம். வாரத்தில் இரண்டரை மணி நேரம்தான் இந்தப் பிள்ளைகள் எங்கள் கையில். அதிலும் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லி உட்கார வைக்கிறோம். ஐந்து வருடமாக நிர்வாக சபைக்கு எழுதுகிறேன்: அந்தத் தாளை நிறுத்துங்கள், அந்த நேரத்தில் பிள்ளைகள் பத்து நிமிடக் கூத்து ஒன்றைத் தாங்களே எழுதட்டும். யாழ்ப்பாண அரசன் சங்கிலியனையும் எழுதட்டும், போர்த்துக்கேயரையும் எழுதட்டும், அப்பா வள்ளம் ஏறிய கதையையும் எழுதட்டும். நான் கேட்பது ஒரே ஒரு நிபந்தனை: பக்கத்தில் ஒரு பிள்ளை அட்டை பிடித்து நிற்க வேண்டும், நடந்த இடத்தில் "உண்மை" என்றும், கற்பனை இடத்தில் "சும்மா" என்றும் தூக்கிக் காட்ட. எந்த அட்டையைத் தூக்குவது என்று பிள்ளைகள் சண்டை பிடிக்க வேண்டும். அந்தச் சண்டைதான் எனக்கு வேண்டும்.

துண்டு வந்துவிட்டது. "ஐயா, நடனம் தயார்" என்று எழுதியிருக்கிறது. மூன்றாவது விஷயத்தை அடுத்த வருடம் பேசுகிறேன், கூப்பிட்டால். சோதனைத்தாளை நிறுத்தக் கேட்கும் விண்ணப்பம் தேத்தண்ணி மேசையில், வடைத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாற்பத்தொரு கையெழுத்து விழுந்திருக்கிறது, அதில் ஒன்று வண்ணக் கட்டியால் போட்டது. செல்லுமா என்று பொருளாளர் கேட்டார். செல்லும். எண்ணெய்க் கை படாமல், தெளிவாகப் போடுங்கள், உங்களுக்கு எழுத்துச் சொல்லித் தந்த வாத்தியார் இந்த மண்டபத்திலேயே இருக்கலாம்.

நன்றி, வணக்கம்.