வீட்டுக் கல்வியில் பதிவேடு

நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர் சிலரை, மாநகராட்சிப் பள்ளியில் பணியாற்றியவன் என்ற முறையில், இராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கங்களில் எனக்குத் தெரியும். எதைக் கற்பிப்பது என்ற கவலை அவர்களுக்குத் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. பிள்ளை எவ்வளவு கற்றிருக்கிறது என்பதற்கு என்ன சான்று என்ற கேள்வியோ, உறவினர் யாரேனும் கேட்கும்போதோ தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதோதான் எழுகிறது. அதற்குள் ஆண்டுகள் சில ஓடிவிடுகின்றன.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறது. வீட்டுக் கல்வியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆகவே இப்படித்தான் பதிவேடு வைக்க வேண்டும் என்று அரசு வகுத்த படிவமும் கிடையாது. பள்ளிக்குப் போகாமலே படித்துத் தேர்வு எழுத வழிசெய்யும் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாதவர், அந்தப் பாடங்களைத் தொடரும் அளவுக்குத் தாம் படித்திருப்பதாகத் தாமே உறுதிமொழி தரலாம். அந்த உறுதிமொழியில் மனச்சாட்சியோடு கையெழுத்திட வீட்டில் ஓர் ஆதாரம் இருக்க வேண்டும் அல்லவா?

இப்போதெல்லாம் பெற்றோர் கைப்பேசியில் எதையும் படம் எடுத்துவிடுகிறார்கள். பிள்ளை வரைந்தாலும் படம், மண்ணில் விளையாடினாலும் படம். ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு அவற்றைத் திரும்பப் பார்ப்பார் யாருமில்லை. பிள்ளை எந்த இடத்தில் தடுமாறியது, எதைத் தானாகச் செய்தது என்பதை எந்தப் படமும் சொல்வதில்லை என்பதால், நான் கேட்பதெல்லாம் நாளுக்கு ஒரு வரி எழுத்துதான்.

அந்த ஒரு வரியை எப்படி எழுதுவது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. 'இன்று பின்னம் நன்றாகப் படித்தாள்' என்று எழுதினால் அடுத்த மாதம் அதைப் படிக்கும் தாய்க்கே ஒன்றும் விளங்காது. 'அரைக் கிலோவும் முக்கால் கிலோவும் சேர்ந்தால் ஒன்றேகால் கிலோ என்று கேட்டவுடனே சொன்னாள். மூன்றில் ஒரு பங்கு என்றதும் விழித்தாள். படம் வரைந்து காட்டிய பிறகு புரிந்துகொண்டாள்' என்று எழுதினால், நாளை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. வரியின் ஓரத்தில், பிள்ளை தானாகச் செய்ததா, குறிப்புக் கொடுத்த பின் செய்ததா, நம்மோடு சேர்ந்து செய்ததா என்பதைக் காட்ட ஓர் எழுத்தைக் குறித்தால் போதும். மதிப்பெண்ணைவிட இந்த ஓர் எழுத்து அதிகம் சொல்லும் என்பது என் கருத்து.

பாடம் வாரியாகத் தனித்தனி நோட்டுப் போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குத் தந்தையோடு போய்வரும் ஒரு சிறுமி, சங்கரா, வஞ்சிரம், நெத்திலி ஆகியவற்றின் விலையை வாரந்தோறும் எழுதி வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத காலத்தில் விலை எப்படி மாறுகிறது என்று அவள் அந்த ஏட்டிலேயே பார்க்க முடியும். தடை ஏன் என்று கேட்டால் மீன்களின் இனப்பெருக்கத்துக்குப் போக வேண்டும். விலையை வரைபடமாக்கினால் கணக்கு. தான் கண்டதை எழுதினால் தமிழ். இதை எந்த நோட்டில் எழுதுவது? நடந்ததை நடந்தபடி ஒரே ஏட்டில் எழுதிவிட்டு, மாதக் கடைசியில் அரசுப் பாடநூலின் பொருளடக்கத்தை எதிரே வைத்துக்கொண்டு, எந்தப் பாடத்தில் எது வந்திருக்கிறது, எதைத் தொடவே இல்லை என்று குறிப்பதே எளிது. அந்தப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பாடத்தைச் சிறு அட்டைகளாகப் பிரித்து ஏணிப்படிபோல் வரிசைப்படுத்தி, பிள்ளை தன் வேகத்தில் ஏறும் செயல்வழிக் கற்றல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் நடந்தபோது, ஒவ்வொரு குழந்தையும் ஏணிப்படியில் எந்த அட்டையில் நிற்கிறது என்பதைக் குழந்தையே அறிந்திருந்தது. வீட்டிலும் எட்டு வயதுக்கு மேல் வாரத்தில் ஒரு நாள் பதிவைப் பிள்ளையே எழுதட்டும். எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம். ஆறு மாதம் கழித்து அதுவும் ஒரு சான்றாகிவிடும். பருவத்துக்கு ஒரு கட்டுரையும் ஒரு கணக்குத் தாளும், முதல் முயற்சியும் திருத்திய முயற்சியுமாகச் சேர்த்து வைத்தால் போதும். மீதியைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவதில் தவறில்லை.

நம் வடசென்னைப் பகுதிக்கென்றே ஒரு செய்தி உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கத்தில் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. தரைமட்ட அலமாரியில் ஏடு வைப்பது இங்கே ஆபத்து. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பருவ மாதிரித் தாள்கள் ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரண் மேல் வையுங்கள். ஏட்டின் பக்கங்களை மாதம் ஒருமுறை படம் எடுத்து, தேதியைப் பெயராக இட்டு, ஊரில் வேறிடத்தில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். கைப்பேசிக் கேமராவுக்கு நான் ஒப்புக்கொள்ளும் வேலை அதுதான்.