வெட்டிவேர்: தூரும் தோகையும் வேரும்

நேயர்களுக்கு வணக்கம். வெட்டிவேர் என்றதும் நாட்டு மருந்துக் கடையில் கட்டாகக் கிடக்கும் பழுப்பு நிற வேர்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதே வேருக்கு மேலே நிற்கும் புல்லை வயலில் காட்டினால் தர்ப்பை என்பார்கள், எலுமிச்சைப் புல் என்பார்கள். நாற்று வாங்கப் போகிறவர் இங்கே ஏமாந்தால் ஒரு வருட உழைப்பு வீண். அதனால் செடியை அடையாளம் காண்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இது இந்தியாவிலேயே இயற்கையாக வளரும் பல்லாண்டுப் புல். ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரம் போகும். நட்ட இடத்தில் தூர் பெருக்குமே தவிரப் படராது. அருகம்புல்லுக்கு இருக்கும் ஓடுதண்டும் கோரைக்கு இருக்கும் கிழங்கும் இதற்குக் கிடையாது. வரப்பில் வைத்தால் பயிருக்குள் புகுந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

ஒரு தூரின் அடியைக் கையில் பிடித்துப் பாருங்கள். இலையுறைகள் இரு பக்கமும் அமுங்கித் தட்டையாக, ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, மடித்த விசிறிபோல இருக்கும். தோகை விறைப்பானது, ஒரு மீட்டர் நீளம்வரை வரும், அகலமோ ஒரு சென்டிமீட்டர்தான். நடுநரம்பு பின்புறம் புடைத்திருக்கும். நுனியிலிருந்து அடிக்குத் தடவினால் விளிம்பு சொரசொரக்கும். கடைசியாகத் தோகையைக் கசக்கி முகருங்கள். எலுமிச்சை வாசம் அடித்தால் அது வேறு புல். வெட்டிவேரின் தோகையில் அந்த வாசமே இருக்காது, மணமெல்லாம் வேரில்தான்.

பூங்கதிர் ஊதா கலந்த நிறம். மைய அச்சில் அடுக்கடுக்காக, வட்டமாகக் கிளைகள் பிரியும். சிறுகதிர்கள் இரண்டிரண்டாக இருக்கும்: ஒன்று காம்பில்லாதது, இருபால், இன்னொன்று காம்புள்ளது, ஆண். வடஇந்தியக் காட்டு வகை விதை பிடிக்கும். தெற்கே பயிரிடும் வகை பூப்பதே குறைவு, முளைக்கும் விதை வைப்பது அதைவிட அரிது. மண் அரிப்பைத் தடுக்க நடுகிறவர்கள் கேட்டு வாங்க வேண்டியது இந்தத் தெற்கத்தி வகையைத்தான். விதை தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள்.

இனி வேர். பக்கவாட்டில் அதிகம் ஓடாமல் நேராகக் கீழே இறங்கும் சல்லிவேர்க் கூட்டம் இது. ஆழமான, இளகிய மண்ணில் இரண்டு மூன்று மீட்டர் போகும். ஒவ்வொரு வேரும் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்ட தடிமன்தான். ஆனால் இழுத்தால் லேசில் அறாது. வளரும் குருத்து மண் மட்டத்தை ஒட்டியே இருப்பதால் ஆடு மேய்ந்தாலும் தீப்பட்டாலும் மறுபடி துளிர்க்கும். வண்டல் வந்து அடியை மூடினால், மூடிய கணுக்களிலிருந்து புது வேர் விட்டுத் தூர் மேலேறும். வரப்பு தானாக உயர்வது இதனால்தான்.

நடும்போது தூரைப் பிரித்து, இரண்டு மூன்று தாள்கள் (தூரிலிருந்து கிளைக்கும் தண்டுகள்) சேர்ந்த நாற்றாக எடுங்கள். ஒற்றைத் தாளை நட்டால் பிழைப்பது சந்தேகம். பூத்து முற்றிய தாளையும் கழித்துவிடுங்கள். தோகையை 20 சென்டிமீட்டரும் வேரை 5 முதல் 10 சென்டிமீட்டரும் விட்டு மிச்சத்தை நறுக்கிவிடலாம். மண்ணரிப்பு வேலிக்கு, சமமட்டக் கோட்டில், அதாவது சரிவின் குறுக்கே ஒரே உயரத்தில் போகும் வரிசையில், 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி போதும். பலரும் நாற்றுச் செலவைப் பார்த்து ஓரடிக்கு ஒன்று வைக்கிறார்கள். மழைத் தண்ணீர் அந்தச் சந்துகளில் கூடிப் பாய்ந்து, வேலி இல்லாததைவிட மோசமாக மண்ணை அறுக்கும். செத்துப்போன இடத்தை முதல் மழைக்காலத்திலேயே நிரப்பியாக வேண்டும். மர நிழலும் ஆகாது. இளம் நாற்று நிழலில் தூர் கட்டாமல் மெலிந்துபோகும். வேர் பிடித்தபின் 30 முதல் 40 சென்டிமீட்டர் உயரத்தில் தோகையை வெட்டிவிட்டால் பக்கத்தாள் நெருக்கமாக வரும்.

வேருக்காகப் பயிர் செய்வது வேறு கணக்கு. கடலூர்ப் பக்கத்துக் கடற்கரை மணலில் இது நன்றாக வருவதற்குக் காரணம், அங்கே வேர் தங்குதடையின்றி இறங்கும், தோண்டும்போது அறாமல் வரும் என்பதுதான். களிமண்ணில் பாதி வேர் மண்ணோடு தங்கிவிடும். பன்னிரண்டு மாதத்துக்கு முன்பே தோண்டினால் வேர் மெலிந்து மணம் குறைவாக இருக்கும். ரொம்ப நாள் விட்டால் முற்றிக் கட்டையாகிவிடும். கழுவிய வேரை நிழலில் உலர்த்துங்கள், வெயில் மணத்தைத் தின்றுவிடும். கடையில் விலாமிச்சை வேர் என்று விற்பதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்; அது புல்லே அல்ல, துளசிக் குடும்பத்துச் செடி.

வரப்பையும் காக்கட்டும், வேரையும் விற்கலாம் என்று ஒரே வரிசையை இரண்டுக்கும் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேரைத் தோண்டியதும் அந்தச் சரிவு முழுக்க இளகிவிடும், அடுத்த மழைக்கே உடையும். விற்பனைக்கான வேரைச் சமதளத்தில் தனிப் பாத்தியில் வளருங்கள். சரிவில் நிற்கும் வேலியில் மண்வெட்டி படக் கூடாது. நன்றி, வணக்கம்.