கறுப்புத் தண்ணீரைப் பிழிகிற இடம் | தன்பாத் வ்லாக்

வணக்கம் மக்களே. ஜார்க்கண்டில், தன்பாத்தில் இருக்கிறேன். நேற்று ஒரு நிலக்கரி வாஷரிக்கு, அதாவது கரியைக் கழுவும் ஆலைக்குப் போனேன். உள்ளே கேமரா கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அங்கே கேட்டு வாங்கி வந்த இந்த கறுப்புத் தண்ணீர் பாட்டிலை வைத்துப் பேசுகிறேன்.

இங்கே பக்கத்தில் ஜரியாவில் எடுக்கிற நிலக்கரியில் சாம்பல் அதிகம். எஃகு ஆலைக்கு அனுப்பும் முன் கழுவியே ஆக வேண்டும். கழுவிய பிறகு மிஞ்சுவது இதுதான்: அரை மில்லிமீட்டருக்கும் பொடியான கரித்தூள், களிமண், கல்தூசு. ராத்திரி முழுக்க ஆடாமல் வைத்திருந்தேன். பாருங்கள், இன்னும் மை மாதிரியே இருக்கிறது. களிமண் துகள்களில் எல்லாம் ஒரே வகை மின்னூட்டம். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் அடியில் உட்காராது.

சரி, ஃப்ளாக்குலன்ட், அதாவது துகள்களை ஒன்றாகச் சேர்க்கிற மருந்து, அதன் கரைசல் நாலு சொட்டு விடுகிறேன். மெதுவாக ஆட்டுகிறேன்... தெரிகிறதா? பால் திரிகிற மாதிரி கட்டி கட்டியாகச் சேர்ந்து இறங்குகிறது! கலங்கல் தண்ணீர்ப் பானையில் நம் பாட்டிகள் தேத்தாங்கொட்டையை உரசுவார்களே, கிட்டத்தட்ட அதே வேலை. வாஷரியில் இது திக்கனர் என்கிற பெரிய வட்டத் தொட்டியில் நடக்கிறது. மேலே தெளிந்து வழியும் தண்ணீர் மறுபடி கரி கழுவப் போய்விடும்.

சிக்கல் அடியில் தங்கும் சேற்றில்தான். 100 கிலோ சேற்றில் திடப்பொருள் 30 கிலோ என்று வையுங்கள். மீதி 70 தண்ணீர். அதை அப்படியே குளம் கட்டித் தேக்கினால் தண்ணீரும் போச்சு, கரைக்குக் கீழே இருக்கிற ஊருக்கும் ஆபத்து. 1972 பிப்ரவரி 26 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், பஃபலோ க்ரீக்கில் இப்படி ஒரு கழிவு அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். இதற்குப் பிறகும் குளம்தான் மலிவு என்பவர்களின் கணக்கு எனக்குப் புரிவதே இல்லை.

குளம் வேண்டாம் என்றால் பிழிய வேண்டும். அதற்கு ஃபில்டர் பிரஸ். துணி போர்த்திய தகடுகள் வரிசையாக நெருக்கி நிற்கும். நடுவில் சேற்றை பம்ப் அடிப்பார்கள், கார் டயர் காற்றைப் போல மூன்று நான்கு மடங்கு அழுத்தத்தில். தேங்காய்ப்பால் பிழிகிற கதைதான். தண்ணீர் போய் தகடுகளுக்கு நடுவில் மிஞ்சும் கட்டிக்கு கேக் என்று பெயர். வெளியே வரும் அந்த கேக்கில் ஈரம் 25 சதவீதம் என்றால், அந்த 30 கிலோவோடு போவது 10 லிட்டர்தான். 60 லிட்டர் ஆலைக்கே திரும்பிவிட்டது.

நேற்று நான் நின்றபோது ஃப்ளாக்குலன்ட் மருந்து கூடிப்போய், துணிக்கண் அடைத்துக்கொண்டது. தகடு விலகுகிறது, கேக் விழவில்லை, நடுவில் கூழாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆபரேட்டர் ஒரு துடுப்பை எடுத்து ஒவ்வொரு தகடாகச் சுரண்டினார். அப்புறம் துணியைக் கழுவி, மருந்தைக் குறைத்து ஓட்டினார்கள். அடுத்த முறை தொப் தொப்பென்று தானாக விழுந்தது. ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். ஈரக் களிமண் மாதிரி ஜில்லென்று இருந்தது, ஆனால் கையில் தண்ணீர் ஒட்டவில்லை.