என் வீட்டுச் செங்காந்தள் பூத்துவிட்டது!

வணக்கம் நண்பர்களே! கத்தரிச் செடிக்கு மருந்தடிப்பதைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அது நாளைக்கு. முதலில் இந்தக் கம்பி வலையைப் பாருங்கள். செங்காந்தள் பூத்துவிட்டது! நம் மாநிலப் பூ, என் மாடியில்!

இது நேற்று விரிந்த பூ. ஆறு இதழ்களும் பின்னால் மடிந்து மேல்நோக்கி நிற்கின்றன. ஓரமெல்லாம் நெளிநெளியாக இருக்கிறது. அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. இன்னும் இரண்டு மூன்று நாளில் முழுக்கச் சிவந்துவிடும். அப்புறம் இந்த இலையின் நுனியைப் பாருங்கள். சுருண்டு கம்பியை எப்படிப் பிடித்திருக்கிறது! நான் ஒரு கயிறுகூடக் கட்டவில்லை.

ஆடியில் போட்ட வீடியோவில் ஒரு கிழங்கைக் காட்டினேனே, அதற்குக் கொடுத்த விலை 280 ரூபாய். ஒரு கிழங்குக்கு! வேலியில் தானாக முளைக்கிற கொடிக்கு 280 ரூபாய்! சரி, ஆசைப்பட்டு வாங்கினேன். முப்பது நாள் காத்திருந்தும் முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் முனை உடைந்திருக்கிறது. முளை வருவதே அந்த முனையில்தான். உடைந்த கிழங்கை விற்றவர் மீது எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. 280 ரூபாய்க்கு ஒரு மூட்டை மண்புழு உரம் வாங்கியிருப்பேன்.

இப்போது பூத்திருப்பது சித்தப்பா ஒட்டன்சத்திரத்திலிருந்து கொடுத்தனுப்பியது. அந்தப் பக்கம் விதைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். கண்வலிக்கிழங்கு என்றால்தான் அங்கே தெரியும். விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின் மூட்டுவாத மருந்தாகிறது.

அட, நடுகிற விதத்தைச் சொல்லவில்லையே! கலப்பை மாதிரி வளைந்த கிழங்கு இது. படுக்கை வாட்டில், முனை உடையாமல் வைத்து, நான்கு விரற்கடை மண் மூட வேண்டும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். கோடையில் கொடி காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். கிழங்கு உள்ளே தூங்கும், மழைக்கு எழும்.

இன்னொன்று, இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். கிழங்கு, விதை, இலை, பூ எல்லாமே விஷம். கிழங்கைத் தின்றால் உயிரே போகும். சின்னக் குழந்தைகளோ ஆடு மாடுகளோ இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம். நான் கையுறை போட்டுத்தான் தொடுகிறேன். எங்கள் மாடிக் கதவுக்குப் பூட்டும் போட்டுவிட்டேன்.

இதோ, மேலே இன்னொரு மொட்டு, பச்சையாகத் தலைகவிழ்ந்து தொங்குகிறது. நாளைக் காலை ஆறு மணிக்கே கேமராவோடு வந்துவிடுவேன்.